சொல்லத் துணிவும் கேட்கச் செவியும்

ஆவடியினின்று பூவிருந்தவல்லிக்குச் செல்லும் பெருவழியில் எம் ஊராகிய பருத்திப்பட்டு அமைந்துள்ளது. ஊரின் பெயரிற் பருத்தி இருப்பினும், இன்று ஊராருட் பலர்க்குச் சோறிடுவது பருத்தியன்று, இரும்பேயாம். விடியற்காலையில் ஏரிக்கரையில் நின்று நோக்குவார்க்கு, உணவுப் பாத்திரத்தைப் பையிலிட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடவரும் மகளிரும் விரைந்து செல்லும் காட்சி தோன்றும். சிலர் ஆவடியிலுள்ள படைக்கலத் தொழிற்சாலைகளுக்குச் செல்வர். சிலர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் திருமழிசைப் பட்டறைகளுக்கும் செல்வர். சிலர் இரயிலேறிச் சென்னைக்குச் செல்வர். காலையிற் சென்றவர் மாலையிற் சென்றவாறே திரும்பி வருதல் வேண்டும் என்பது ஒன்றே வீட்டிலிருப்பார் வேண்டுகோள். இவ்வேண்டுகோள் நிறைவேறுவதும் நிறைவேறாது போவதும் எதனைப் பொறுத்தன என்பதைச் சிறிது ஆராய்வதே யாம் ஈண்டு மேற்கொண்ட பணி.

யாம் மாமா என்று அழைக்கும் அண்டை வீட்டார் ஒருவர், இரும்புத் தகட்டை அழுத்தி உருவமைக்கும் பவர் பிரஸ்ஸில் வேலை செய்தவர். அப்பொறியில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரு கைகளாலும் இரண்டையும் ஒருங்கே அழுத்தினாலன்றிப் பொறி கீழிறங்காது. இரு கைகளும் பொத்தான்களின்மேல் இருக்குங்கால், பொறியின் வாயில் எக்கையும் அகப்படாது என்பதே அவ்வமைப்பின் கருத்து. நல்ல கருத்துத்தான். ஆயின், ஒரு நாளைக்கு இத்தனை உருப்படி என்று கணக்கு உயர்ந்துகொண்டே வந்தது. கணக்கை எட்டுவதற்கு வழியாக, ஒரு பொத்தானை மரச்சிம்பு செருகி நிலையாக அழுத்தி வைக்கும் வழக்கம் அப்பட்டறையில் உண்டாயிற்று. அப்பொழுது ஒரு கை பொத்தானை அழுத்தும். மற்றைக் கை தகட்டை வைக்கும். வேலை விரைந்து நடக்கும். ஒருநாள் மாமா தம் இடக்கையின் இரு விரல்களை இழந்தார்.

விபத்துக்குக் காரணம் யாது என்று எழுதவேண்டிய இடத்தில் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதப்பட்டது. அவ்வளவோடு ஆராய்ச்சி முடிந்தது.

பின்னொரு மாலையில் யாம் அவரோடு திண்ணையில் அமர்ந்து உரையாடிய பொழுது, அவர் கூறிய செய்தி ஒன்று எம் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. "தம்பி, அதற்கு முந்திய வாரமே அதே பிரஸ் இன்னொருவனுடைய கையுறையின் நுனியைக் கவ்விவிட்டது. எல்லோரும் சிரித்தோம். சூப்பர்வைசரும் 'கையைப் பார்த்து வையடா' என்று சொல்லிப் போய்விட்டார். அன்று யாரும் சிரிக்காமல் இருந்திருந்தால், எனக்கு விரல் இருந்திருக்கும்" என்றார் அவர்.

இச்சொற்களுள் யாம் கூறப்புகுவது முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது. கையுறையின் நுனி கவ்வப்பட்ட அந்நாளில் குருதி சிந்தவில்லை, எவர்க்கும் நோவில்லை. ஆயினும் வரவிருந்த இடர் அன்றே வாயில் தட்டிற்று. தட்டியவொலி அனைவர் காதிலும் விழுந்தது. எவரும் எழுந்து சென்று கதவைத் திறக்கவில்லை. பெருந்தீங்கு நேரக்கூடிய தொழில்களில் உயிரைக் காப்பது இரும்பு வேலியோ தலைக்கவசமோ மட்டும் அன்று. சிறு தவற்றைக் கண்டவன் அதனை அஞ்சாது சொல்லுதலும், சொல்லக் கேட்டவன் அதனைப் புறக்கணியாது திருத்துதலுமாகிய இரண்டு பழக்கங்களே காக்கின்றன. இவ்விரண்டும் ஓரிடத்தில் வேரூன்றியிருத்தலையே பாதுகாப்புப் பண்பாடு என்கின்றனர். 1986-ஆம் ஆண்டில் செர்னோபில் அணு உலை வெடித்த பின்னர், பன்னாட்டு அணுசக்தி முகமையைச் சார்ந்த அறிஞர் குழு அத்தீங்கின் காரணங்களை ஆராய்ந்த காலத்தில் எடுத்தாண்ட சொல் அது. சொல் புதிதாயினும் பொருள் பழையதே.

இது சிறு பட்டறையின் செய்தியாயிற்றே. கற்றவரும் விதிநூல்களும் நிறைந்த பெருநிறுவனங்களில் இவ்வாறு நிகழுமோ என்று வினவுவார் உளராகலாம். அவர்க்கு விடையாக, எம் ஊரார் நாள்தோறும் நம்பியேறும் இரயிலையே எடுத்துக்கொள்வோம்.

இருப்புப்பாதையில் பாயிண்ட் என்பது வண்டியை ஒரு தடத்தினின்று மற்றொரு தடத்திற்குத் திருப்பும் உறுப்பு. சிக்னல் என்பது செல்லலாம் எனவும் நிற்க எனவும் ஓட்டுநர்க்கு அறிவிக்கும் விளக்கு. இவ்விரண்டும் ஒன்றையொன்று மாறுபடாதவாறு ஒரு பூட்டமைப்பால் இணைக்கப்பட்டிருக்கும். தடம் நேராக அமைந்தாலன்றி நேரே செல்க என்னும் பச்சை விளக்கு எரியாது. ஓட்டுநர் இருளிலும் மழையிலும் ஐயமின்றி விரைந்து செல்வது இவ்வமைப்பின்மேல் வைத்த நம்பிக்கையாலேயே.

2023-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் மாலை, கல்கத்தாவின் அருகேயுள்ள சாலிமாரிலிருந்து நம் சென்னை நோக்கிவந்த கோரமண்டல் விரைவு வண்டி, ஒடிசாவிலுள்ள பாலசோர் மாவட்டத்துப் பாகாநாகா பஜார் நிலையத்தை அடைந்தது. நேரே செல்க என்று பச்சை விளக்கு காட்டிற்று. தடமோ பக்கத்து லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அத்தடத்தில் இரும்புத்தாது ஏற்றிய சரக்கு வண்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில் வந்த வண்டி அதன்மேல் மோதிற்று; தடம்புரண்ட பெட்டிகள் மற்றொரு பயணிகள் வண்டியையும் தாக்கின. மாண்டோர் 290-க்கு மேற்பட்டோர்.

இரயில்வே பாதுகாப்பு ஆணையர் ஆராய்ந்து கண்டது யாது? அந்நிலையத்தின் சிக்னல் இணைப்பில் முன்னர்ச் செய்யப்பட்ட மாற்றத்தில் பிழை இருந்தது. விபத்து நேர்ந்த நாளில், அருகிலுள்ள கடவுப் பாதையின் தடுப்புக்கட்டை தொடர்பாக நடைபெற்ற வேலையில் அப்பிழை வெளிப்பட்டுப் பொய்யான பச்சையைக் காட்டிற்று. இதனினும் எம்மை வருத்துவது ஒன்றுண்டு. 2022-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள், அதே கரக்பூர்க் கோட்டத்தைச் சார்ந்த பாங்க்ராநயாபாஜ் நிலையத்தில், தவறான கம்பி இணைப்பால் இவ்வகைப் பிழையே நேர்ந்திருந்தது. அப்பொழுதே உரிய திருத்தம் செய்யப்பட்டிருப்பின் பாகாநாகா விபத்து நேர்ந்திராது என்பது ஆணையரின் முடிவு.

அன்றியும், 2023 பிப்ரவரி 8-ஆம் நாள், கருநாடகத்தில் மைசூர்க் கோட்டத்து ஹொசதுர்கா ரோடு நிலையத்தில், சிக்னல் ஒன்று காட்டத் தடம் வேறொன்றாக இருப்பதைக் கண்ட விரைவு வண்டி ஓட்டுநர் ஒருவர் விழிப்போடு வண்டியை நிறுத்தினார். எவர்க்கும் தீங்கில்லை. தென்மேற்கு இரயில்வேயின் உயர் அலுவலர் ஒருவர் மறுநாளே எழுதிய கடிதத்தில், பூட்டமைப்பிலுள்ள இக்குறையை உடனே களையாவிடின் பெருவிபத்து நேரக்கூடும் என்று எச்சரித்தார். நான்கு திங்கள் கழிவதற்குள் பாகாநாகா நிகழ்ந்தது.

பாங்க்ராநயாபாஜ் என்ன, ஹொசதுர்கா ரோடு என்ன, எம் மாமா கண்ட கையுறையின் நுனி என்ன? மூன்றும் ஒன்றே. குருதி சிந்தாமல் வந்து எச்சரித்துச் சென்ற தூதுகள் அவை. தூது வந்ததை ஒருவர் அறிந்திருந்தார். ஒருவர் எழுதியும் வைத்தார். எழுதியதும் சொல்லியதும் வேலை செய்யும் கைகள்வரை சென்று எட்டவில்லை. இஃது எங்கோ தொலைவில் நடந்தது என்று நாம் ஆறுதல் கொள்ளற்கும் இடமில்லை. 2024 அக்டோபர் 11-ஆம் நாள் இரவு, எம் திருவள்ளூர் மாவட்டத்துக் கவரைப்பேட்டையிலேயே, நேர்தடத்திற்குச் சிக்னல் பெற்றுவந்த மைசூர்–தர்பங்கா விரைவு வண்டி லூப் லைனில் நுழைந்து, அங்கு நின்ற சரக்கு வண்டியின்மேல் மோதிற்று. உயிரிழப்பின்றிப் பலர் காயத்தோடு தப்பினர். அவ்விரவு ஆவடி நிலையத்திலும் உறவினர் வரவை நோக்கிக் கைப்பேசியும் கையுமாக நின்றோர் முகங்களை யாம் கண்டோம்.

இனிக் காப்புக்குரிய பொறிகளைப் பெருக்கிவிட்டால் போதாதோ எனின், போதாது என்பதற்குப் போபாலே சான்று. 1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில் அங்குள்ள பூச்சிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து நச்சுவாயு வெளிப்பட்டு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அத்தொழிற்சாலையில் காப்புப் பொறிகள் இல்லாமலில்லை. நச்சுநீர்மத்தைக் குளிர்விக்கும் பொறி இருந்தது. ஆயின் அது பல திங்களாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வெளிப்படும் வாயுவை எரித்தழிக்கும் கோபுரம் இருந்தது. அதன் குழாய் பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. அழுத்தங் காட்டும் கருவிகள் இருந்தன. அவை பலமுறை பொய் காட்டியதால் அவற்றை நம்புவார் இலர். அவ்வாலையில் 1981-இலேயே நச்சுவாயுவால் ஒரு தொழிலாளி இறந்தார். 1982-இல் ஆய்வுக்குழு ஒன்று வந்து குறைகளை எடுத்துரைத்தது. அவ்வாண்டிலேயே ராஜ்குமார் கேஸ்வானி என்னும் செய்தியாளர், போபால் எரிமலையின் விளிம்பில் அமர்ந்திருக்கிறது என்னும் கருத்துப்பட எழுதி ஊரை எச்சரித்தார். பொறியும் இருந்தது, குரலும் இருந்தது, செவி ஒன்றே இல்லை. செவியில்லாத இடத்தில் பொறிகளும் ஒவ்வொன்றாக உறங்கிவிடும்.

சொல்லும் துணிவு ஏன் குன்றுகின்றது? சொன்னவனே குற்றவாளியாக நிறுத்தப்படுவான் என்னும் அச்சத்தினாலேயே. ஒரு பட்டறையில் சிம்பு செருகியிருப்பதைச் சொல்பவன், "நீ ஏன் செருகினாய்?" என்ற வினாவுக்கு முதலில் விடையிறுக்க வேண்டும். வேலையை நிறுத்தினாய், கணக்கைக் கெடுத்தாய் என்ற சினத்துக்கும் ஆளாக வேண்டும். அதனினும், வாய்மூடிக் கணக்கை முடித்து வீடு செல்வதே அறிவுடைமை என்று அவன் எண்ணின், பழி அவனுடையதன்று. ஒப்பந்தக் கூலியாக வந்த வெளிமாநிலத்து இளைஞனது நிலை இன்னும் கடிது. மேஸ்திரியின் மொழியையே அறியாத அவன் எவரிடம் எம்மொழியில் முறையிடுவான்?

வானூர்தித் துறையினர் இவ்வச்சத்தை அகற்ற ஒரு வழி கண்டனர். 1974 டிசம்பர் 1-ஆம் நாள், அமெரிக்க நாட்டில் வாசிங்டன் நகரை நோக்கி இறங்கிய வானூர்தி ஒன்று மலைமேல் மோதி 92 பேர் மாண்டனர். இறங்கும் முறையைப் பற்றிய அறிவிப்பு ஒன்றைத் தவறாகப் பொருள்கொண்டமையே காரணம். ஆராய்ந்த பொழுது, ஆறு வாரத்துக்கு முன்னரே வேறொரு நிறுவனத்தின் விமானி அதே தவற்றைச் செய்து மயிரிழையில் தப்பினார் என்பதும், அச்செய்தி அந்நிறுவனத்தின் மதிலைக் கடந்து பிறரை எட்டவில்லை என்பதும் தெரியவந்தன. இதன்பின் 1976-இல், விமானிகள் தம் தவறுகளையும் தாம் கண்ட குறைகளையும் எழுதியனுப்பும் ஏற்பாடு ஒன்று தொடங்கிற்று. தண்டிக்கும் உரிமையுடைய துறைக்கு அம்மடல்கள் நேரே செல்லா. விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமாகிய நாசா அவற்றைப் பெற்று, எழுதியவர் பெயரை நீக்கிப் பொருளை மட்டும் அனைவர்க்கும் அறிவிக்கும். தவற்றை ஒப்புக்கொள்பவனைத் தண்டியாது, அத்தவற்றிலிருந்து ஆயிரவர் கற்குமாறு செய்த அறிவுடைமை இது.

வண்டிகளுக்கும் உறுப்புகளுக்கும் பெயர்பெற்ற எம் வட்டாரத்தார் அறியத்தக்க மற்றொரு சான்று சப்பானியரது டொயோட்டா தொழிற்சாலை. அங்கு வேலை நடைபெறும் வரிசை நெடுகக் கயிறு ஒன்று கட்டப்பட்டது. குறை ஒன்றைக் கண்ட எத்தொழிலாளியும் அதனை இழுக்கலாம். இழுத்தவுடன் தலைவன் அவனிடம் ஓடிவருவான். குறை தீராவிடின் வரிசையே நின்றுவிடும். கயிற்றை இழுத்தவன் சினத்துக்கு ஆளாவதில்லை. குறையைக் காட்டியமைக்காக நன்றி பெறுவான். எம் மாமாவின் பட்டறையில் பொத்தானைச் சிம்பால் கட்டினர். அங்கோ நிறுத்தும் உரிமையைக் கயிறாகத் திரித்துத் தொழிலாளியின் கையிலேயே கொடுத்தனர். இரு பட்டறைகளின் வேறுபாடு பொறியில் இல்லை, மனப்பாங்கிலேயே உள்ளது.

தமிழ் பயிலும் எமக்கு இக்கருத்து வெளிநாட்டுச் சரக்காகத் தோன்றவில்லை. 'பெரியாரைத் துணைக்கோடல்' என்னும் அதிகாரத்தில், தன்னை இடித்துரைத்துத் திருத்துவாரை அருகிற் கொள்ளாத மன்னன், பகைவர் எவரும் இன்றியே அழிவான் என்னும் உண்மையைத் திருவள்ளுவர் நிறுவியுள்ளார். அரசனுக்குக் கூறிய அறம் ஆலைத்தலைவர்க்கும் பொருந்துமன்றோ? அக்காலத்து அமைச்சன் இருந்த இடத்தில் இக்காலத்தில் எண்ணெய் படிந்த கையோடு நிற்கும் தொழிலாளி இருக்கின்றான் என்பதே வேறுபாடு. பொறியின் ஓசை மாறியதை முதலில் உணர்வது அவன் செவி. இரும்பு சூடேறியதை முதலில் அறிவது அவன் விரல். அவனினும் மேலான ஒற்றன் ஓர் ஆலைக்கு வாய்ப்பானல்லன்.

இவ்வாறு தவறு செய்தாரையெல்லாம் தண்டியாது விடின் ஒழுங்கு கெட்டுவிடும் என்று மறுப்பாரும் உளர். அவர் கூற்றில் ஒரு பகுதி உண்மையே. குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவனையும், பிறர் உயிரைப் பொருட்படுத்தாது வேண்டுமென்றே விதியை மீறுபவனையும் விட்டுவிடுக என்று யாம் கூறவில்லை. அறியாமற் செய்த பிழையும் அறிந்து செய்த குற்றமும் வேறு. அவ்விரண்டையும் பிரித்தறிதலே தலைமைக்கு அழகு. பட்டறை முழுவதும் சிம்பு செருகும் வழக்கம் இருக்க, விரலிழந்தவன் ஒருவனை மட்டும் கவனமற்றவன் என்று கூறுதல் ஒழுங்காகாது. அஃது உண்மையை மூடும் மூடியேயாகும். மூடிய பானையுள் அடுத்த விபத்து வெந்துகொண்டிருக்கும்.

காப்புக்குச் செலவு மிகும், உற்பத்தி குன்றும் என்பது மற்றொரு மறுப்பு. ஒரு மணிநேரம் பொறி நிற்பதன் இழப்பை எண்ணிச் சொல்வார் பலர். இரு விரல் இழந்தவன் இல்லத்தில் பள்ளிக் கட்டணமும் வாடகையும் நிற்பதன் இழப்பை எக்கணக்கன் எக்கணக்கேட்டில் எழுதுகின்றான்? தொழில்முறைக் கணக்கேயாயினும், பெருவிபத்து ஒன்று நேர்ந்த ஆலை இழப்பது ஆண்டுகள் பலவற்றின் ஊதியத்தை என்பதற்குச் சான்று வேண்டா.

எண்ணிக்கையைப் பற்றி இன்னொன்று. விபத்தின்றிக் கழிந்த நாள்கள் இத்தனை என்று எழுதிய பலகைகளை ஆலை வாயில்களிற் காண்கின்றோம். நல்ல எண்ணத்தோடு வைத்தவையே. ஆயின் அவ்வெண் வளர வளர, அதனைக் கெடுக்க எவரும் துணியார். சிறு காயத்தைத் துணியாற் சுற்றி மறைத்துக்கொள்வர். 2010 ஏப்ரல் 20-ஆம் நாள், மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்னும் எண்ணெய்த் துளைமேடை வெடித்து 11 பேர் மாண்டனர். பணியிழப்பு விபத்தின்றி ஏழாண்டு கழிந்தமையைப் பாராட்ட, நிறுவனத்தின் உயர் அலுவலர் அன்று அம்மேடைமேலேயே வந்திருந்தனர். கால் வழுக்கும் சிறு விபத்துகளை எண்ணியோர், கடலடியில் மூண்டெழும் பெருந்தீயின் குறிகளை எண்ணத் தவறினர். ஆதலின் விபத்தில்லை என்று காட்டும் எண்ணைக் காட்டிலும், குறைகள் இத்தனை சொல்லப்பட்டன, இத்தனை திருத்தப்பட்டன என்று காட்டும் எண்ணே பலகையில் எழுதற்குரியது.

மார்ச் 4-ஆம் நாளைத் தேசியப் பாதுகாப்பு நாளாகக் கொண்டாடுகின்றோம். 1966-இல் அந்நாளில் தேசியப் பாதுகாப்புக் குழு நிறுவப்பெற்றமை பற்றியது அது. அந்நாளில் உறுதிமொழி எடுக்கின்றனர், கொடியேற்றுகின்றனர், மாணவர்க்குக் கட்டுரைப் போட்டியும் வைக்கின்றனர். போட்டியில் யாமும் எழுதியதுண்டு, பரிசும் பெற்றதுண்டு. எம் கட்டுரையால் ஒரு சிம்பும் ஒரு பொறியினின்றும் கழற்றப்படவில்லை என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கின்றோம்.

தீங்கு நேர்ந்தபின் பொறுப்பேற்பதும் பெருமையே. 1956 நவம்பரில் அரியலூரருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தாற் சிதைந்து, தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்ட பொழுது, இரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரியார் பதவியைத் துறந்தார். அவ்வுயர்ந்த பண்பை இன்றும் நாடு போற்றுகின்றது. யாமும் போற்றுகின்றோம். ஆயினும் பாலம் விழுந்தபின் துறக்கும் பதவியைவிட, பாலம் விழுமுன் பாதைகாவலன் கூறும் சொல்லுக்குத் தரும் செவி உயிரைக் காக்குமன்றோ? முன்னையது மானம், பின்னையது காப்பு. நாட்டுக்கு இரண்டும் வேண்டும். இரண்டாவது முந்துதல் வேண்டும்.

விவிலியத்தில் உபாகமம் என்னும் நூலில், யாம் சிறுவராக இருந்த பொழுது பொருளறியாது கடந்துபோன கட்டளை ஒன்று உண்டு. புதுவீடு கட்டுவோன் தன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் அமைக்கவேண்டும். அமையாது விட்டு எவனேனும் வீழ்ந்திறப்பின் அப்பழி அவ்வீட்டின்மேல் நிற்கும் என்பது அது. வீழ்ந்தவன் கவனமற்றவனா என்று அக்கட்டளை வினவவில்லை. சுவர் எழுப்பவேண்டியவன் எழுப்பினானா என்றே வினவுகின்றது. 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் இயங்கும் பொறிகளுக்கு வேலியிட வேண்டும் என்று விதித்ததும் இவ்வறத்தையொட்டியதே. சட்டம் வேலியைக் கட்டச் செய்யும். கட்டிய வேலியை ஒருவரும் பார்க்காத இரவு வேலை நேரத்திலும் கழற்றாதிருக்கச் செய்வது பண்பாடு ஒன்றே.

இவையெல்லாம் ஆலைத்தலைவர்க்குரியன, மாணவர்க்கு என்ன என்று நண்பர் எண்ணவேண்டா. நம் கல்லூரி வேதியியற் கூடத்தில், காற்றிழுக்கும் பெட்டியின் விசிறி சுழலவில்லை என்பதைக் கண்டும், ஆசிரியர் சினப்பாரோ, வகுப்பு நின்றுவிடுமோ என்று வாய்திறவாது அமிலத்தைக் காய்ச்சியோர் நம்முள் இலரா? விடுதி மாடியில் மின்கம்பியின் உறை பிய்ந்திருப்பதை நாள்தோறும் தாண்டிச் செல்வோர் இலரா? இங்குக் கற்ற மௌனத்தையே நாளை ஆலைக்கும் அலுவலகத்துக்கும் எடுத்துச் செல்வோம். இன்னும் சில ஆண்டுகளில் நம்முட் சிலர் சூப்பர்வைசராகவும் பொறிஞராகவும் அலுவலராகவும் அமர்வோம். அப்பொழுது ஒருவன் தயங்கித் தயங்கி நம் மேசையருகே வந்து நிற்பான். அவனை நோக்கி நாம் உயர்த்தும் முகம் எத்தகையது என்பதை இங்கேயே பழகிக்கொள்ள வேண்டும்.

ஆதலின் யாம் வேண்டுவன மூன்று. ஒவ்வொரு கூடத்திலும் பட்டறையிலும் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். விபத்தாக முடியாது தப்பிய ஒவ்வொரு நிகழ்ச்சியும் அதில் அன்றே எழுதப்படட்டும். எதிர்ப்பக்கத்தில் அதற்குச் செய்த திருத்தமும், செய்தவர் பெயரும், நாளும் எழுதப்படட்டும். எதிர்ப்பக்கம் வெறுமையாக இருப்பின் அது தலைவர்க்கு நாணமாகுக. இரண்டாவது, குறையைச் சொல்பவன் அதன் பொருட்டு ஒரு நாட்கூலியேனும் இழவாதிருக்கட்டும். அவன் அறிந்த மொழியில் சொல்ல வழியும் இருக்கட்டும். மூன்றாவது, ஐயம் தோன்றிய பொழுது பொறியை நிறுத்தும் உரிமை, பொறியருகே நிற்பவனுக்கே உரியதாகட்டும். இம்மூன்றுக்கும் பெரும்பொருள் வேண்டா. பெருமனம் ஒன்றே வேண்டும்.

எம் மாமா இப்பொழுது வேறொரு பட்டறையில் வாயிற்காவலராக உள்ளார். சென்ற திங்கள் அங்குள்ள புதிய இளைஞன் ஒருவன், கையுறை பொறியில் மாட்டிக்கொண்டதைச் சிரித்துக்கொண்டே அவரிடம் கூறினானாம். மாமா சிரிக்கவில்லை. தம் காவலிடத்தை மற்றொருவரிடம் ஒப்புவித்து, அவ்விளைஞனைக் கைப்பிடித்து மேலாளரது அறைக்கே அழைத்துச் சென்று, தம் இடக்கையை அவர் மேசைமேல் வைத்துச் செய்தியைச் சொன்னாராம். மேலாளர் எழுந்து வந்து பொறியைப் பார்த்தார். அன்று மாலைவரை அப்பொறி இயங்கவில்லை. எத்தனை உருப்படி குறைந்தன என்று யாம் கேட்கவில்லை. அவ்விளைஞன் பத்து விரல்களோடும் அன்று வீடு சேர்ந்தான்.